‘ரேகை விழவில்லை’ என்றால் அடுத்து எங்கே போவது?

கேள்வி: சாதிச் சான்றிதழ் முதல் ரேஷன் அரிசி வரை எல்லாமே கணினிக்குப் போய்விட்டன. இதனால் சாதாரண மக்களுக்கு அரசு நெருங்கி வந்திருக்கிறதா, விலகிப் போயிருக்கிறதா? எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் 75 வயதுப் பாட்டி ஒருவர், ‘ரேகை விழவில்லை’ என்று ரேஷன் கடையிலிருந்து மூன்று முறை வெறும் பையோடு திரும்பியதைப் பார்த்த பிறகு கேட்கிறேன்.

பதில்:

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். தாள் மனுக்களின் காலத்தையும் இணையவழி மனுக்களின் காலத்தையும் மேசையின் உள்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, என் தாயாரின் பெயர் மாற்றத்துக்காக மேசையின் வெளிப்பக்கத்திலும் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்துச் சொல்வதானால், பெரும்பாலானவர்களுக்கு அரசு நெருங்கி வந்திருக்கிறது. ஆனால் யாருக்கு அரசின் உதவி மிக அவசியமோ அவர்களில் ஒரு பகுதியினருக்கு விலகிப் போயிருக்கிறது. அந்தப் பகுதி பெரிதா சிறிதா என்பது எந்த மென்பொருளை வாங்கினோம் என்பதைப் பொறுத்து அமைவதாக நான் நினைக்கவில்லை. இயந்திரம் ‘இல்லை’ என்று சொன்ன பிறகு, ‘சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் அதிகாரம் அந்த இடத்தில் இருக்கும் மனிதருக்குத் தரப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது கூடுகிறது, குறைகிறது.

முதலில், கிடைத்திருக்கும் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒரு சிட்டா நகலுக்காக ஒரு விவசாயி வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் குறைந்தது இரண்டு முறை வருவார். மனு கொடுக்க ஒரு நாள், நகல் வாங்க ஒரு நாள். ‘ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு’ என்றால் மூன்றாவது நாளும் உண்டு. பேருந்துக் கட்டணம், இழந்த கூலி, மரத்தடியில் மனு எழுதித் தருபவருக்குக் கொடுத்தது, அதற்கு மேல் எந்தக் கணக்கிலும் வராத மாமூல் என்று சேர்த்தால், ஒரு பக்கத் தாளுக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. இன்று பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவுத் துறையின் புதிய மென்பொருள் 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, மனை வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்து சரிபார்த்துக்கொள்கிறார். வருமானம், சாதி, இருப்பிடம் போன்ற சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, மின்னொப்பமிட்ட சான்றிதழாகப் பதிவிறக்கிக்கொள்ள முடிகிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று. ஒரு மனு எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது இப்போது மேலதிகாரிக்கும் மனுதாரருக்கும் தெரிகிறது. ‘உங்கள் மனுவா, வரவே இல்லையே’ என்று சொல்லிவிட்டு இழுப்பறைக்குள் தள்ளும் வழக்கம் பெருமளவு ஒழிந்தது இதனால்தான்.

ஆனால் வாசற்படி உயரமாக இருந்ததைச் சரிசெய்தவர்கள், வாசலையே வேறு இடத்துக்கு மாற்றி வைத்துவிட்டார்கள். முன்பு அரசின் வாசல் கிராம நிர்வாக அலுவலரின் திண்ணையாகவோ தாலுகா ஆபீஸ் மேசையாகவோ இருந்தது. இப்போது அது மூன்று பொருள்களில் இருக்கிறது: ஒரு கைப்பேசி எண், ஒரு விரல் ரேகை, எல்லா ஆவணங்களிலும் எழுத்துப் பிசகாத ஒரு பெயர். இந்த மூன்றும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் சரியாக அமைந்திருந்தால் அவருக்கு அரசு பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. ஒன்று பிசகினாலும் அவர் தாலுகா ஆபீஸுக்கும் வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் இடையே அலையத் தொடங்குகிறார்.

கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில் எந்தச் சான்றிதழுக்கும் முன்பு ‘கேன் நம்பர்’ என்று மையத்தினர் சொல்லும் எண் ஒன்றை உருவாக்க வேண்டும். அதற்கு ஓடிபி வர ஒரு கைப்பேசி எண் வேண்டும். வீட்டில் கைப்பேசி இருக்கிறது என்பதும், அது அந்த வீட்டுப் பெண்ணின் கையில் இருக்கிறது என்பதும் வேறு வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் எப்போதாவது ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் 46.9 சதவீதம், ஆண்கள் 70.2 சதவீதம். நாட்டின் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம். இடைவெளி மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகான ஆண்டுகளில் கைப்பேசி பரவியது உண்மைதான். ஆனாலும் மையத்தில் வரிசையில் நிற்கும் மூதாட்டியிடம் எண் கேட்டால், அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். அது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனுடைய எண்ணாக இருக்கும். மகன் ஷிப்டில் இருந்தால் ஓடிபி வந்தும் பயனில்லை. ரேஷனில் பொருள் வாங்கியதும் வரும் குறுஞ்செய்தியும் அவனுக்கே போகிறது. வாங்காத சர்க்கரையை வாங்கியதாகப் பதிந்தால் உடனே தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகத்தான் அந்தச் செய்தியையே ஏற்படுத்தினார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு அது வருவதில்லை.

பெயர் விஷயம் இன்னும் சிக்கலானது. அதிலும் தமிழர்களுக்கென்றே அமைந்த சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். திருமணமான பெண்கள் பலர் அதைக் கணவரின் எழுத்தாக மாற்றிக்கொள்கிறார்கள். ‘முதற்பெயர், கடைசிப் பெயர்’ என்று கேட்கும் படிவம் வேறு எங்கோ வாழும் மக்களுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒரே பெண்மணி பள்ளிச் சான்றிதழில் தந்தையின் எழுத்தோடும், ரேஷன் அட்டையில் கணவரின் எழுத்தோடும், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லாமலும் இருப்பார். தமிழில் ‘முத்துலட்சுமி’ என்று எழுதினால் ஊரில் ஒருவருக்கும் குழப்பம் வராது. அதை ஆங்கிலத்தில் பதியும்போது ‘முத்து’வில் ஒரு ‘எச்’ சேர்ப்பவர் உண்டு, விடுபவர் உண்டு. ‘லட்சுமி’க்கு ‘கே எஸ் எச்’ போடுபவர் உண்டு, ‘எக்ஸ்’ போடுபவர் உண்டு. இரண்டையும் பிரித்து எழுதுபவர் உண்டு, சேர்த்து எழுதுபவர் உண்டு. தட்டச்சு செய்தவரின் அன்றைய மனநிலை அந்த அம்மாளின் சட்டப்படியான பெயராகிவிடுகிறது. கணினிக்கோ இவர்கள் நான்கு வேறு மனிதர்கள்.

என் தாயாருக்கு நடந்தது இதுதான். வங்கிக் கணக்கில் ஒரு எழுத்து கூடுதல். ஆதாரைத் திருத்துங்கள் என்றது வங்கிக் கிளை; வங்கிதான் திருத்த வேண்டும் என்றது ஆதார் மையம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம் என்ற கட்டுப்பாடு இருப்பதால், இருக்கும் வாய்ப்பை இதற்காகச் செலவழிக்கலாமா என்று நாங்கள் வீட்டில் உட்கார்ந்து ஆலோசித்தோம். நாற்பது நாள் கழித்து வேலை முடிந்தது. துறையில் இருந்தவன் என்பதால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் என்ன செய்வார் என்று அந்த நாற்பது நாளும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் கேட்ட பாட்டியின் ரேகைக்கு வருகிறேன். நம் மொழியில் ‘கைநாட்டு’ என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பொருள், ஏளனமாகவும் சொல்வோம். இன்று முனைவர் பட்டம் பெற்றவரும் ரேஷன் கடையில் கைநாட்டுதான். ஒரு வேறுபாடு உண்டு. பழைய கைநாட்டில் மை ஒட்டினால் போதும், யாரும் அதை அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்து விரட்டுவதில்லை. புதிய கைநாட்டை வாங்கும் இயந்திரத்துக்குக் கோடுகள் தெரிய வேண்டும். நாற்று நட்ட விரலில், செங்கல் சுமந்த விரலில், சுண்ணாம்பும் சோப்பும் அரித்த விரலில், முதுமையில் உலர்ந்த விரலில் அந்தக் கோடுகள் தேய்ந்துவிடுகின்றன. கடை வாசலில் நின்றால் பார்க்கலாம்: ஈரத்துணியில் துடைப்பார்கள், எண்ணெய்ப் பசைக்காக விரலைத் தலைமுடியில் தேய்ப்பார்கள், கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். எடையாளர் ‘நல்லா அழுத்துங்கம்மா’ என்பார். வாழ்நாள் முழுதும் கையால் உழைத்தவரைத்தான் இந்த இயந்திரம் அடையாளம் காண மறுக்கிறது.

இந்த மறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜார்க்கண்ட் ஒரு பாடம். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே ஜார்க்கண்டில் சரிபார்ப்புத் தோல்வி 49 சதவீதம் என்றும், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்றும் மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கப்படாததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினி என்றார் தாய்; மலேரியா என்றது அரசு. அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்றோ ரேகை பொருந்தவில்லை என்றோ யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது, விதிவிலக்காகப் பதிவு செய்து வழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. சட்டம் எப்போதும் தாராளமாகத்தான் இருக்கிறது. சுற்றறிக்கை கடைசிக் கடை வரை போய்ச் சேர்வதுதான் அரிது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் நடத்திய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ரேகைச் சரிபார்ப்பு தனித்து நின்று கசிவை, அதாவது பொருள் வழியில் திருட்டுப் போவதை, குறைக்கவில்லை. சராசரிப் பயனாளிக்கு ரேஷன் வாங்குவதற்கு ஆகும் செலவு 17 சதவீதம் கூடியது. முன்னதாக ஆதாரை இணைக்காமலிருந்த 23 சதவீதத்தினருக்குக் கிடைத்துவந்த பயன் 10 சதவீதம் குறைந்தது. திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்தியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதே இயந்திரம்தான் வந்தது. 2017இல் பழைய அட்டைகள் ஸ்மார்ட் கார்டுகளாக மாறின. 2020 அக்டோபர் முதல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தோடு ரேகைப் பதிவும் நடைமுறைக்கு வந்தது. தொடக்க வாரங்களில் இங்கேயும் கடைகளின் முன்னால் சண்டை நடந்தது, சர்வர் படுத்துக்கொண்டது, மூத்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஆனாலும் ஜார்க்கண்டில் நடந்தது இங்கே நடக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டின்படி அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. எனவே 2 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளில் ‘இவர் ஏழையா’ என்று நிரூபிக்கும் வேலையே இல்லை. ஊரில் எல்லோரும் வாங்கும் கடையில் ஒருவரை மட்டும் மறுத்தால் வரிசை முழுவதும் கேள்வி கேட்கும். இரண்டாவது காரணம், ரேகை விழாவிட்டால் அட்டையை ஸ்கேன் செய்தோ, ஓடிபி மூலமாகவோ, பதிவேட்டில் கையெழுத்து வாங்கியோ பொருள் கொடுக்கலாம் என்று இங்கே மாற்று வழிகள் திறந்து வைக்கப்பட்டன. கடைக்கு வர முடியாதவர் தமக்காக வேறொருவரை நியமித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ‘தாயுமானவர்’ திட்டம் தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என 20 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். கணினிமயத்தின் உச்சத்தில் அரசு மீண்டும் வண்டியில் ஏறி வீதிக்கு வந்திருப்பதை முரணாக நான் பார்க்கவில்லை. ரேகைக் கருவியையும் எடைத் தராசையும் வண்டியில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வீட்டு வாசலுக்கு வருவது, இரண்டு காலத்தின் நல்லதும் சேர்ந்தது.

விரல் ரேகையாவது கண்ணுக்குத் தெரியும் தடை. இப்போது வளர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியாத தடை: தரவுப் பொருத்தம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 1.63 கோடிப் பெண்கள் விண்ணப்பித்தார்கள், 1.06 கோடிப் பேருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது என்று விதிகள். இவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. அரசிடம் ஏற்கெனவே இருந்த பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பரிந்துரைக்கும் இடமில்லாமல், கட்சிக்காரர் வீட்டுக்கு ஒரு நீதி, மற்றவர் வீட்டுக்கு ஒரு நீதி என்றில்லாமல் நடந்தது என்பது உண்மை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பதிவு சொல்வதும் வாழ்க்கை சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் மின் அளவு யாருடையது? நான்கு பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும் நிலத்தில் ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு உரியது எவ்வளவு? பத்து வருடத்துக்கு முன் விற்ற காரின் ஆர்சி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால்? இந்த இடத்தில் தமிழ்நாடு செய்த சரியான காரியம், மறுத்த காரணத்தைக் குறுஞ்செய்தியில் தெரிவித்து, வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் தந்தது. அதற்கும் இ-சேவை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது என்பதைச் சிரித்துக்கொண்டே குறிப்பிடுகிறேன்.

மேல்முறையீடு முன்னரே திட்டமிடப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெலங்கானாவில் பார்த்தோம். அங்கே கணினிப் பொருத்தத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் நீக்கப்பட்ட சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் கள ஆய்வு செய்து மறுபரிசீலிக்குமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. கணினி ஒரு நொடியில் செய்ததைச் சரிபார்க்க மறுபடியும் வீடு வீடாக மனிதர்கள் நடக்க வேண்டியிருந்தது.

கணினி வந்தால் இடைத்தரகர் ஒழிவார் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் ஒழியவில்லை, மரத்தடியிலிருந்து பிரவுசிங் சென்டருக்கு இடம்பெயர்ந்திருக்கிறார். 60 ரூபாய்ச் சான்றிதழுக்கு 200, 300 கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விண்ணப்பதாரரின் கடவுச்சொல்லையும் தங்கள் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்வார்கள். இணையத்தில் விண்ணப்பித்த பிறகும் ‘ஒரு நகல் எடுத்துக்கிட்டு விஏஓவை நேர்ல பார்த்துட்டு வந்துடுங்க’ என்று சொல்லியனுப்புவார்கள். இதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. படிவத்தில் எது கட்டாயம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் புகைப்படம் எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் ஊரில் தேவைப்படுகிறார். அந்தத் தேவையை அரசு முழுதாக நிரப்பாதபோது அவர் விலை வைக்கிறார். கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் மகளிர் குழுக்கள் நடத்தும் மையங்களிலும் கட்டணம் ஒழுங்காக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்.

இடைத்தரகரும் கடவுச்சொல்லும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2020இல் தமிழ்நாட்டில் வெளிவந்த பிரதமர் கிசான் மோசடி சாட்சி. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் அந்தத் திட்டத்தில், அலுவலர்களின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி நிலமே இல்லாதவர்களை லட்சக்கணக்கில் சேர்த்திருந்தார்கள். தவறாகப் போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் தொடங்கிய விசாரணை பல மாவட்டங்களுக்குப் பரவியது. அதே திட்டத்தில், தாத்தா பெயரிலேயே பட்டா இருப்பதால் உண்மையாக உழுகிறவர்கள் பலர் சேர முடியாமல் நின்றார்கள். தகுதியற்றவர் உள்ளேயும் தகுதியுள்ளவர் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்பது கணினி யுகத்திலும் சாத்தியமே.

நூறு நாள் வேலையில் இது வேறு உருவம் எடுத்தது. 2023 ஜனவரி முதல் பணித்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை, இருப்பிடக் குறியீட்டோடு தொழிலாளர்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. 2024 ஜனவரி முதல் ஆதார்வழிக் கூலி. ஏரிக்கரையில் சிக்னல் இல்லை என்றால், பணித்தளப் பொறுப்பாளர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி மேடு தேடி நடப்பார். காலையில் வேலையை முடித்த பெண்கள் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருப்பார்கள். மண் வெட்டியது உண்மை, படம் ஏறவில்லை என்றால் வருகைப் பதிவு இல்லை. 2022-23இல் மட்டும் நாடு முழுவதும் 5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் பெயர்கள் வேலை அட்டைகளிலிருந்து நீக்கப்பட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், போலிகள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. நீக்குவதற்கு முன் ஊருக்குப் போய் ஒவ்வொரு பெயரையும் விசாரித்தார்களா என்பதே என் கேள்வி.

மொழியையும் உடலையும் பற்றிச் சுருக்கமாக. 2021இல் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கியது. ஜூனில் வட்டார மொழிகளைச் சேர்த்தபோது தமிழ் விடுபட்டு, கண்டனம் எழுந்த பிறகே சேர்ந்தது. இன்றும் பல தளங்களில் தமிழ் என்பது மேலே இருக்கும் பட்டியல் சொற்களோடு நின்றுவிடுகிறது. படிவத்துக்குள் நுழைந்தால் ஆங்கிலம். பார்வையற்றோர், அமிலத் தாக்குதலில் கண்ணிமை சிதைந்தோர் ஆகியோரிடம் ‘கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்’ என்று கேட்கும் வங்கிச் சரிபார்ப்பு முறை குறித்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ‘இணையதளம் அப்படித்தான் இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது’ என்ற பதிலைச் சட்டப்படி ஏற்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அரசுகளே முகாம்களுக்குத் திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று பள்ளி வளாகங்களிலும் மண்டபங்களிலும் பல துறைகளின் மேசைகளை வரிசையாகப் போட்டு நேரில் மனு வாங்கினார்கள். தேர்தல் கணக்கு அதில் இருக்கலாம். இருந்தாலும் அங்கே கூடிய கூட்டம் எதையோ சொல்கிறது. எல்லாச் சேவையும் கைப்பேசியில் கிடைக்கும் மாநிலத்தில், ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துத் தன் பிரச்சினையைச் சொல்ல அத்தனை பேர் காலையிலேயே வந்து நின்றார்கள். குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் அலுவலர் பொறுப்பேற்க வேண்டும் என்ற சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இலேயே கொண்டுவந்தது. அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அலுவலராக இருந்தபோது நான் அதை விரும்பியதில்லை. மனுதாரராக நின்ற பிறகு விரும்புகிறேன்.

உங்கள் தெருப் பாட்டிக்கு இப்போது செய்யக்கூடியது இது. அடுத்த முறை அவரோடு ஒருவர் போங்கள். ரேகை விழவில்லை என்றால், கருவிழிப் பதிவுக் கருவி கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓடிபி மூலமாகவோ பதிவேட்டில் கையெழுத்து வாங்கியோ தரும்படி கேளுங்கள். நாளைக்கு வா என்றால், பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அழைக்கப்போவதாகக் கடையிலேயே சத்தமாகச் சொல்வது சில சமயம் அழைப்பைவிட விரைவாகப் பலன் தரும். அவர் வேறொருவரை நியமித்துக்கொள்வதற்கான படிவத்தைக் கடையில் வாங்கி நிரப்பி, வட்ட வழங்கல் அலுவலருக்குக் கொடுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் அதை நேரில் கொடுத்தால் அலைச்சல் குறையும். அவர் 70 வயதைத் தாண்டியவர் என்பதால் வீட்டுக்கே பொருள் வர வேண்டியவர். தாயுமானவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அட்டையில் அவருடைய பிறந்த தேதி என்னவென்று பாருங்கள். ஆதார் எடுத்த நாளில் வயது தெரியாத பலருக்கு ஏதோ ஒரு ஆண்டின் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு தவறாக இருந்தால் கணினியின் கணக்கில் பாட்டிக்கு இன்னும் அந்த வயதே ஆகியிருக்காது.